ஒரு சொல்லில் தொலைந்த 2,000 அடி

1989 பிப்ரவரி 19. பொழுது இன்னும் விடியவில்லை. சிங்கப்பூர் சாங்கியிலிருந்து புறப்பட்ட ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சுபாங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. விமானத்தில் நான்கு பேர்.

தரைக் கட்டுப்பாட்டாளர் ஆங்கிலத்தில், ‘டிசெண்ட் டூ ஃபோர் சீரோ சீரோ’ என்றார். 2,400 அடிக்கு இறங்குங்கள் என்பது அவர் சொன்னது. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு என்ற எண்ணும், ‘வரை’ என்ற பொருள் தரும் சொல்லும் காதில் ஒன்றாகவே விழும். விமானிகளுக்கு அது ‘400 அடி வரை இறங்குங்கள்’ என்று கேட்டது. ‘ஓகே, ஃபோர் சீரோ சீரோ’ என்று பதில் போனது. யாரும் திருத்தவில்லை. அந்தப் பகுதிக்குரிய குறைந்தபட்ச உயரம் தரையிறங்கும் வரைபடத்தில் அச்சிடப்பட்டிருந்தும் அது கவனத்துக்கு வரவில்லை. தரை நெருங்குவதாக எச்சரிக்கைக் கருவி அலறியும் பயனில்லை. பூச்சோங் அருகே, கடல் மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில், குன்றில் மோதிய விமானத்தில் நால்வரும் மாண்டனர்.

அன்று பயன்பட்ட வானொலி வழிகாட்டி திசையை மட்டுமே காட்டக்கூடியது. எவ்வளவு தாழ்வாகப் பறக்கலாம் என்று அது சொல்லாது. இத்தகைய இறக்கத்தில் உயரம் மாடிப்படி போலக் குறையும். ஒவ்வொரு படிக்கும் ஓர் எல்லை உண்டு. ஆட்டோபைலட் உதவியோடு இறங்கும்போது விமானி அந்த எல்லையைக் குமிழைத் திருகிப் பதிவு செய்கிறார். அங்கு வந்ததும் விமானம் சமநிலையில் பறக்கும். கீழே குன்று இருக்கிறதா என்று அந்தக் குமிழ் கேட்பதில்லை.

கடைசிப் படியில் இன்னொரு சிக்கல். ஓடுபாதை தெரியாவிட்டால் மீண்டும் மேலேற வேண்டிய உயரத்தையும் அதே குமிழில்தான் வைக்க வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே மாற்றினால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் விமானம் இறங்கிக்கொண்டே போகலாம். அதனால்தான் ஒருவர் எண்ணை மாற்றினால் மற்றவர் அதைப் பார்த்து உறுதி செய்யும் பழக்கம் விமானி அறையில் வேரூன்றியிருக்கிறது.

சரியான எண்ணைப் பதித்துவிட்டால் மட்டும் போதுமா? 1972 டிசம்பர் 29 அன்று மியாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தை ஆட்டோபைலட் 2,000 அடியில் பிடித்து வைத்திருந்தது. எரியாத ஒரு சிறு சக்கர விளக்கில் விமானிகள் மூழ்கியிருந்தபோது அந்தப் பிடி விட்டுப்போனது. யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்த அந்த விமானத்தில் சுமார் நூறு உயிர்கள் போயின.

அனைத்துலக வானொலி நடைமுறைப்படி, இன்று இத்தகைய உயரத்தைத் தனித்தனி இலக்கங்களாகச் சொல்லக்கூடாது. 2,400 என்றால் ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’. அப்படிச் சொன்னால் ஆயிரம் என்ற சொல் காதிலிருந்து தப்பாது.

ஆனாலும் எண்கள் இன்னமும் ஏமாற்றுகின்றன. 2022 மே 23 அன்று பாரிஸில் இறங்கிக்கொண்டிருந்த ஏர்பஸ் ஏ320 விமானத்துக்குக் காற்றழுத்தம் 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று தவறாகத் தெரிவிக்கப்பட்டது. அந்தப் பத்தால் உயரமானி சுமார் 280 அடி கூடுதலாகக் காட்டியது. கருவிகளின் கணக்கில் எல்லாம் சரி. ஓடுபாதையை அடையுமுன்பே, 178 பேருடன் அந்த விமானம் தரைக்கு மேல் வெறும் 6 அடியில் பறந்து, பிறகு மேலேறியது.