ஒரு சாலைக்குப் பெயர் வந்த கதை

ஊர்களின் பழமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பழமைக்கும் ஒரு பிறந்த தேதி உண்டென்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இதை எனக்கு உணர்த்தியது ஜெர்மனியின் தென்மேற்கில், பிரெஞ்சு எல்லையைத் தொட்டுக்கிடக்கும் ஃபால்ட்ஸ் பகுதி.

எல்லையோரத்து ஷ்வைகனிலிருந்து வடக்கே பொக்கன்ஹைம் வரை ஏறக்குறைய 85 கிலோமீட்டர் நீளும் சாலைக்கு ‘ஜெர்மன் ஒயின் சாலை’ என்று பெயர். திராட்சைக்குலை பொறித்த பலகைகள் வழிகாட்ட, பயணிகள் ஊர் ஊராக நின்று குடித்துச் செல்கிறார்கள். ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே திராட்சை பயிராகிறது. சாலையும் அவ்வளவு பழசென்றே தோன்றும். ஆனால் அது திறக்கப்பட்டது 1935 அக்டோபர் 19 அன்று. திறந்துவைத்தவர் அப்பகுதியின் நாஜிக் கட்சித் தலைவர் யோசெஃப் பியூர்க்கெல்.

காரணம் மர்மமானதல்ல. மோசெல், ரைன் கரை ஒயின்களுக்கு இருந்த பேர் ஃபால்ட்ஸில் ஒருசில ஊர்களைத் தவிர மற்றவற்றுக்கு இல்லை. 1934, 1935 இரண்டும் அமோக விளைச்சல். விலை சரிந்தது, சரக்கு தேங்கியது. சுற்றுலாக் கையேடுகள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அதுவரை அந்த ஒயினை வெளியே கொண்டுபோய் விற்றவர்கள் யார்?

பெரும்பங்கு யூத வியாபாரிகள். குடியானவனிடம் கொள்முதல் செய்து, பெருநகரங்களில் தலைமுறை தலைமுறையாக வாடிக்கை வைத்திருந்தவர்கள். 1933 முதல் பகிஷ்காரத்தாலும் மிரட்டலாலும் அவர்கள் தொழிலிலிருந்து விரட்டப்பட்டார்கள். அவர்களோடு வாடிக்கையும் போயிற்று. குடிப்பவனிடம் ஒயின் போகும் வழி அடைபட்டதும் குடிப்பவனை ஒயினிடம் அழைத்துவர ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழிதான் இந்தச் சாலை.

பெயரைக் கவனியுங்கள். வட்டாரத்தின் பெயரல்ல, நாட்டின் பெயர். 1930 வரை பிரெஞ்சுப் படைகள் தங்கியிருந்த மண் அது. 1936இல் ஷ்வைகனில், எல்லைக்கருகே, கல்லால் ஒரு பெரிய வாயில் எழுந்தது. ஒரு கோப்பை குடித்தவன் தேசத்துக்குத் தொண்டு செய்த திருப்தியோடு வீடு திரும்பலாம்.

அதே சாலையில் உள்ள பாட் டூர்க்ஹைமில் 1934இல் கட்டிய பீப்பாய் ஒன்று இருக்கிறது. 17 லட்சம் லிட்டர் கொள்ளும். அதில் ஒயின் ஊற்றியதே இல்லை. உள்ளே உணவு விடுதி. இந்தச் சாலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பீப்பாயும் நினைவுக்கு வருகிறது.

1940 அக்டோபர் 22 அன்று பாடன், ஃபால்ட்ஸ், ஸார் பகுதிகளிலிருந்து 6,500க்கும் மேற்பட்ட யூதர்கள் ரயிலேற்றப்பட்டுத் தென் பிரான்ஸின் குர்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் 1942 முதல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குர்ஸுக்கு அனுப்பிய இருவரில் ஒருவர் பியூர்க்கெல். சாலையைத் திறந்து ஐந்து வருஷமும் மூன்று நாளும் ஆகியிருந்தன.

1945இல் ஆட்சி ஒழிந்தது. சாலையின் பெயரும் வாயிலும் ஒழியவில்லை. இன்று அங்கே கொடி வளர்ப்பவர்கள் மேல் நான் பழி சுமத்தவில்லை. அவர்களுடைய ஒயினும் நல்ல ஒயின்தான். ஆனால் ஒரு வட்டாரத்துக்கு ‘அடையாளம்’ தேடித் தருகிறோமென்று யாராவது கிளம்பும்போது, அந்த இடத்தில் முன்பு நின்றிருந்தவர்கள் எங்கே என்று விசாரிக்கத் தோன்றுகிறது.