ஸனத்நகர்: பெயரும் பிறப்பும்

ஸனத்நகர் என்னும் பெயரைக் கேட்கும் நம்மவர் சிலர், அதனைச் சனத்குமார முனிவரோடு இணைத்துப் பொருள் கொள்வர். அழகிய கற்பனையே, உண்மை வேறு. உருது மொழியில் ‘ஸனஅத்’ என்றால் தொழில். ஆகவே இது தொழில் நகர். உருதுச் சொல்லும் வடசொல்லும் ஒரே பெயரில் கைகோத்து நிற்பது ஹைதராபாத்தின் இயல்புக்கு ஒத்ததே.

ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஆட்சியில், 1929-இல், தொழில்களுக்கு முதல் உதவும்பொருட்டு ஒரு நிதி நிறுவப்பெற்றது. அந்நிதியும் அல்லாவுதீன் கம்பெனியாரும் கூடி 1942-இல் தொடங்கியதே ஆல்வின் உலோகத் தொழிற்சாலை. அது உலகப் போர்க்காலம். கடல் கடந்து வரவேண்டிய சாமான்கள் அருகிய காலம். எஃகு அலமாரி, பேருந்துக் கூடு, குளிர்பதனப் பெட்டி, கைக்கடிகாரம் எனப் பின்னாளில் அதன் செய்பொருள்கள் பெருகின. வாடியிலிருந்து செகந்தராபாத் வரும் இருப்புப்பாதையோ 1874-இலேயே இவ்வழி அமைந்துவிட்டது. சரக்கு இறங்க வழியும், நகர்ப்புறத்தே பரந்த நிலமும் இருப்பின் ஆலை முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

1946-இல் தோன்றிய ஹைதராபாத் ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியும் இங்கேயே ஆலை அமைத்தது. ‘சார்மினார்’ முத்திரைக் கூரைத்தகடு ஓலைக் குடிசைகளுக்கு மாற்றாய்த் தென்னாடெங்கும் சென்றது. கல்நார்த் தூசு நுரையீரலை அரிக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும் என்பது இன்று மருத்துவ உலகம் முடிந்த முடிபாகக் கொண்டது. ஏழைக்கு மழை மறைத்த கூரைக்கு, அதை வார்த்த தொழிலாளியின் மூச்சும் ஒரு விலையோ என எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

தொழிலாளர் பெருகவே வரிசை வீடுகள் எழுந்தன. 1948-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் பயனாய், தொழிலாளர்க்கென ஒரு பெரிய மருத்துவமனையும் வந்தது. அதனை ‘ஈ.எஸ்.ஐ.’ என்றே ஊரார் வழங்குவர். 2017-இல் திறந்த மெட்ரோ நிலையமும் அப்பெயரையே தாங்கியது. நம்மவருள் பழையோர், சென்னைப் படையைத் தொடர்ந்து செகந்தராபாத் தண்டுக்கு வந்தோரின் வழியினர். ஆலைச் சங்கை நம்பி வந்தோர் பிற்பட்டவர். சங்கு ஊதியபின் உலை வைத்தால் சோறு ஆறிப்போகும். முன்பே வைக்கவேண்டும் என்பது எங்கள் தெருத் தாய்மாரின் கணக்கு.

1990-களில் ஆல்வினின் குளிர்பதனப் பெட்டித் தொழில் வோல்டாஸ் வசமாயிற்று. பெயர் மட்டும் குக்கட்பள்ளியில் ஆல்வின் காலனியாகவும், மியாப்பூரில் ஆல்வின் நாற்சந்தியாகவும் எஞ்சியது. அந்நாற்சந்தியில் பேருந்துக்கு நின்ற ஓர் இளைஞரிடம், “ஆல்வின் என்பது யார், தம்பி?” என்று கேட்டேன். “யாரோ வெள்ளைக்காரத் துரையாக இருக்கும், ஐயா” என்றார்.