குறி தவறாக் கணை

வில்லாளனின் தோளையும் கண்ணையும் போற்றாத நாடில்லை. ஆனால் அவன் விடுத்த அம்பைச் செய்தவன் யார் எனக் கேட்போர் அரியர். மதுரை மதிலில் இருந்த வளைவிற்பொறியைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. அத்தகைய பொறிகளுக்கு அம்பு சமைத்த கைவினைஞனைப் பற்றி நம் காவியங்கள் விரித்துரைப்பதில்லை. அவனைக் காண விரும்பும் நாம் பழஞ் சீனத்திற்குச் செல்லவேண்டும்.

கைத்தொழில் முறைகளைத் தொகுத்துரைக்கும் ‘காவ் கொங் சி’ என்னும் நூல் கிறித்துவுக்கு முன்பே அங்கு எழுந்தது. தேர்ச்சக்கரம் செய்வோன், மணி வார்ப்போன் முதலியோரோடு அம்பு செய்வோனுக்கும் அதில் தனியிடம் உண்டு. அவன் கணைத்தண்டை முதலில் நீரில் மிதக்க விடுகின்றான். மரமாயினும் மூங்கிலாயினும் எல்லாப் பக்கமும் ஒரே கனமாய் வளர்வதில்லை. கனத்த பக்கம் தானே கீழே திரும்பும். அதனை அறிந்த பின்னரே நாண் பொருந்தும் பள்ளத்தை வெட்டுகின்றான். பள்ளத்தை நோக்கியே இறகைப் பொருத்துகின்றான். இறகு தண்டின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தண்டின் முன், பின், நடு ஆகியவற்றுள் எது நலிந்தால் அம்பு எவ்வாறு பிறழும் என்பதையும் அந்நூல் பிரித்துக் காட்டுகின்றது. இறகு மிகுந்தால் விரைவு கெடும், குறைந்தால் நிலை கெடும் என்பதும் அந்நாளிலேயே தெரிந்திருந்தது. தண்டை வளைத்து அதன் திண்மையையும், விரலிடையே பிடித்து அசைத்து இறகின் அளவையும் அவன் சோதித்தான். கருவிகள் பல பெற்ற இக்காலத்து அம்பு செய்வோரும் தண்டின் விறைப்பைத்தான் முதற்கண் அளக்கின்றனர் என்பது எமக்கு வியப்பளிக்கின்றது.

இந்நூலுக்கு உரை கண்ட செங் சுவான் (127–200) ஒரு நுட்பம் சேர்க்கின்றார். கைவில்லின் அம்புக்கு நாண்பள்ளம் பக்கவாட்டில் அமையும். குறுக்குவில்லின் அம்புக்கோ மேலும் கீழுமாக அமையும் என்கின்றார். இரண்டும் வெவ்வேறு அம்புகள் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

குறுக்குவில்லில் அம்பின் பொறுப்பு மிகுதி. கைவில்லில் நாணை இழுக்கும் அளவு கைக்குக் கை மாறும். குறுக்குவில்லிலோ நாண் ஒவ்வொரு முறையும் அதே கொக்கியில் மாட்டி, அதே இடத்திலிருந்து விடுபடுகின்றது. எய்பவனின் கை நடுக்கம் பெரிதும் நீங்கிய பின், எஞ்சும் குற்றம் அம்பினுடையதே. 50 அடியில் ஓரங்குலம் விலகும் அம்பு அதே கோணத்தில் சென்றால் 300 அடியில் ஆறங்குலம் விலகும். எடை வேற்றுமையால் வரும் தாழ்வோ, தொலைவு இரட்டிக்குங்கால் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

சீன முதற் பேரரசனின் கல்லறையருகே 1974இல் வெளிப்பட்ட மண்வீரர் படையிடையே சுமார் 40,000 வெண்கல அம்புமுனைகள் கிடைத்தன. பெரும்பாலும் நூறு நூறாகக் கட்டப்பட்ட அம்முனைகள் அளவில் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. ஒரு கட்டிலுள்ளவை உலோகக் கலவையிலும் ஒத்திருத்தலை ஆய்வாளர் கண்டனர்.

இவ்வொப்புமை இன்றேல் அடுத்து வந்த அருமையான கருவியும் வீணே. ஆன் பேரரசின் காலத்துக் குறுக்குவில் விசைகள் சிலவற்றில், ‘நோக்குமலை’ எனப் பொருள்படும் பெயருடைய பின்தகட்டில், அளவுகோல் போன்ற கோடுகள் பொறிக்கப்பட்டன. தொலைவுக்கேற்ற கோட்டைக் கொண்டு குறிபார்த்தல் அதன் நோக்கம். பதினோராம் நூற்றாண்டறிஞர் சென் குவோ, மண்ணிலிருந்து அகழ்ந்தெடுத்த அத்தகைய பொறி ஒன்றைக் கண்டு அதன் கணிதத்தை ஆராய்ந்தார். சென் நாட்டு இளவரசர் லியூ சோங் பத்து அம்பும் ஒரே இடத்தில் தைக்க எய்தார் எனச் சீன வரலாறு புகழ்கின்றது. அப்பத்தும் ஒன்றுபோல் பறந்திராவிடின் புகழ் ஏது?

வடமேற்கு எல்லையிலுள்ள சூயானில் 1930ஆம் ஆண்டையொட்டிக் கிடைத்த சுமார் 10,000 மர ஓலைகள், காவற்படையின் அன்றாடக் கணக்குகள். இலையுதிர் காலத் தேர்வில் பன்னிரண்டு அம்புகளில் ஆறு குறியில் தைத்தால் தேர்ச்சி; அதற்குமேல் ஒவ்வோர் அம்புக்கும் பதினைந்து நாள் பணிக்கணக்கு கூடும். அதே ஓலைகளில், படைக்கலச் சோதனை செய்த எழுத்தர்கள் வெடித்த தண்டுடைய அம்புகள் எத்தனை, இறகு தேய்ந்தவை எத்தனை என எண்ணி எழுதி வைத்துள்ளனர்.