நம்ம காட்டு மரம் யாருக்குச் சொந்தம்?



"பட்டா என் பேரில, வரப்பும் என்னுது. மரம் வெட்ட மட்டும் எதுக்குங்க உத்தரவு?" என்று பரமத்தி வேலூர்ப் பக்கம் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதிலாக, சந்தன மரத்தின் கதையைச் சொல்கிறேன்.

1792-ஆம் ஆண்டு மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், சந்தன மரம் யார் நிலத்தில் நின்றாலும் அது ராஜாங்கத்துச் சொத்து என்று அறிவித்தார். அதே ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலம், நாமக்கல், பரமத்திச் சீமைகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. ஆள்பவர் மாறினாலும் சந்தனத்தின் மேல் சர்க்கார் வைத்த பிடி தளரவில்லை. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. பின்னாளில் சந்தனத்துக்கென்றே தனி விதிகளும் அதில் சேர்ந்தன.

இதனால் விளைந்தது என்ன? குருவி போட்ட விதை வேலியோரம் முளைத்தால், "எதுக்குடா வம்பு" என்று பிடுங்கி எறியவே குடியானவனுக்குத் தோன்றும். காவல் காப்பது நாம், பலன் வேறொருவருக்கு என்றால் எவன் தண்ணீர் ஊற்றுவான்?

இந்தக் குறையை உணர்ந்து கர்நாடகம் 2001-லும், தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தின. பட்டா நிலத்துச் சந்தனம் நிலக்காரருக்கே சொந்தம் என்றாயிற்று. 2008-ல் அதற்கான விதிகளும் வந்தன. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மரம் உங்களுடையதே என்றாலும், வனத்துறைக்கு எழுதிக் கொடுத்து, அனுமதி பெற்றுத்தான் அதை எடுக்க முடியும். தானாக வெட்டினால் வழக்குதான்.

சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்தும் சத்தை உறிஞ்சி வளர்கிற மரம். நம்ம கொடிக்காலில் நிற்கும் அகத்தியே அதற்கு நல்ல துணை. வைரம் பாயப் பதினைந்து ஆண்டுக்கு மேல் பொறுக்க வேண்டும்.

பனையின் கதை வேறு. செங்கல் சூளைக்கென்று கணக்கில்லாமல் பனைகள் சாய்ந்தன. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. நட்டவர் பேரன் காலத்தில் பலன் தரும் மரம் அது. அரை நாளில் சாய்த்துவிடலாம், திரும்ப நிறுத்த முடியாது.

ஆகவே, விதி மரத்தைக் காக்கவும் செய்யும், முளையிலேயே கிள்ளவும் செய்யும். உரிமை உழவன் கையில் இருந்தால்தான் மரம் வளரும். கோடாலி எடுக்கும் முன்பு கிராம நிர்வாக அலுவலரையோ வனச்சரக அலுவலகத்தையோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.