அன்னை சாவித்திரிபாய்: பள்ளி பிள்ளையைத் தேடிச் சென்ற வரலாறு

நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், கல்வித் தொண்டில் நமக்கு முன்னே நடந்தோரை நினைவுகூர்வது நம் கடமையாகும். டாக்டர் அம்பேத்கர் புத்தர், கபீர், மகாத்மா பூலே ஆகிய மூவரையும் தம் ஆசான்களாகக் கொண்டார். அம்மூவருள் ஜோதிராவ் பூலேயை நம் இளைஞர் ஓரளவு அறிவர். அவருடைய துணைவியார் சாவித்திரிபாயைப் பெயரளவில் அறிந்தோரே மிகுதி. மனைவியாக, தாயாக, ஆசிரியையாக அவர் வாழ்ந்த அறுபத்தாறு ஆண்டுகள் நமக்குப் பாடமாக விளங்குவன.

எழுத்தறியாச் சிறுமி ஆசிரியையானது

மராட்டிய நாட்டுச் சதாரா மாவட்டத்தில் நய்காவ் என்னும் சிற்றூரில் 3-1-1831 அன்று, தோட்டப்பயிர் செய்யும் மாலி குலத்தில் சாவித்திரிபாய் பிறந்தார். 1840-இல் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது ஒன்பது. கணவர் ஜோதிராவுக்குப் பதின்மூன்று. மணமகளுக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. கணவரே வீட்டில் அவருக்கு எழுத்தறிவித்தார். பின்னர் அகமதுநகரிலும் பூனாவிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1848-ஆம் ஆண்டில், பூனா நகரின் பிடே வாடா என்னும் கட்டடத்தில் பெண்களுக்கென இவர்கள் தொடங்கிய பள்ளியில் ஆசிரியப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது பதினேழு.

அக்காலத்தில் பெண்ணுக்குக் கல்வி கற்பிப்பது பாவம். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோர்க்குக் கற்பிப்பது அதனினும் பெரும்பாவம். ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சிய மாமனார், 1849-இல் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார். உஸ்மான் ஷேக் என்னும் இசுலாமிய நண்பர் தம் இல்லத்தில் இடமளித்தார். அவ்வீட்டைச் சேர்ந்த பாத்திமா ஷேக், சாவித்திரிபாயுடன் சேர்ந்து கற்பித்தார். பள்ளிக்குச் செல்லும் வழியில் சாணமும் சேறும் வீசுவோர் இருந்தமையால், மாற்றுச் சேலை ஒன்றை எடுத்துச் சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார் என்பர்.

பிள்ளைக்கேற்ற பள்ளி

பள்ளியைத் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளைகள் வரவில்லையே என்று இவர்கள் ஏங்கி நிற்கவில்லை. வாராமைக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தனர். வறுமை தடுத்தது என்றால் உதவித்தொகை அளித்தனர். மகர், மாங்கு குலப் பிள்ளைகளைப் பிற பள்ளிகள் சேர்க்க மறுத்தன என்றால், அவர்களுக்கெனப் பள்ளி அமைத்தனர். பகலெல்லாம் உழைப்போரால் வர இயலாது என்றால், 1855-இல் உழவர்க்கும் கூலியாளர்க்கும் இரவுப்பள்ளி நடத்தினர்.

இன்று சிறப்புக் கல்வி என்றால் கண்பார்வை, செவிப்புலன், அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் குறையுடைய குழந்தைகளுக்கான கல்வி என்றே பொருள் கொள்கிறோம். பிள்ளையைப் பள்ளிக்கேற்ப வளைக்காமல், பள்ளியைப் பிள்ளைக்கேற்ப மாற்றுவதே அக்கல்வியின் அடிப்படை. அப்பெயர் தோன்றுவதற்கு முன்னரே சாவித்திரிபாய் அந்நெறியில் நின்றார்.

இதன் பயனுக்குச் சான்று முக்தாபாய். மாங்கு குலத்தில் பிறந்த இச்சிறுமி, இவர்களுடைய பள்ளியில் பயின்றவள். பதினான்கு வயதில் அவள் எழுதிய கட்டுரை 1855-இல் ‘ஞானோதய’ என்னும் இதழில் வெளிவந்தது. வேதம் பிராமணர்க்கே உரியதெனில், அவ்வேதம் இல்லாத எங்களுக்கு எது சமயம் என்று அவள் அதில் வினவினாள். தன் மக்கள் பட்ட கொடுமைகளையும் எழுதினாள். மூன்றாண்டு படிப்பு ஒரு சிறுமிக்கு எத்தகைய நாவைத் தந்தது, பாருங்கள்!

தமையனுக்கு உரைத்த விடை

1856-இல் நோயுற்றுத் தாய்வீட்டில் தங்கியிருந்தபோது, கணவருக்குச் சாவித்திரிபாய் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்துள்ளது. மகர், மாங்கு மக்களுக்காக உழைத்து நீயும் உன் கணவரும் குலத்திலிருந்து தள்ளுண்டீர்கள் என்று உடன்பிறந்தவர் இடித்துரைத்தாராம். ஆட்டையும் மாட்டையும் தடவிக் கொடுக்கிறாய், நச்சுப் பாம்புக்கும் பாலூற்றுகிறாய், உன்னைப் போன்ற மனிதரை மட்டும் தீண்டாதவர் என்கிறாயே, காரணம் சொல் என்று அவரை அன்னையார் மடக்கினார். ஊராரின் பகையைத் தாங்குவது எளிது. உடன்பிறந்தாரின் மனத்தாங்கலைத் தாங்குவது அரிது. அதனையும் அவர் தாங்கினார்.

தாய்மை

இத்தம்பதியர்க்கு மகப்பேறு வாய்க்கவில்லை. 1863-இல், ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற கைம்பெண்கள் அஞ்சாது வந்து பிள்ளை பெறுவதற்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினர். அங்கு வந்த காசிபாய் என்னும் பிராமணக் கைம்பெண் பெற்ற மகனைத் தத்தெடுத்து, யஷ்வந்த் எனப் பெயரிட்டு வளர்த்து மருத்துவராக்கினர். 1868-இல் தம் வீட்டு நீர்த்தொட்டியை ஒடுக்கப்பட்டோர்க்குத் திறந்துவிட்டனர்.

1888-இல் ஜோதிராவ் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தார். இடக்கையால் எழுதியே தம் இறுதி நூலை முடித்தார். அந்நாள்களில் கணவரைக் காத்தவர் சாவித்திரிபாய். 28-11-1890 அன்று ஜோதிராவ் மறைந்தார். கொள்ளி வைக்கும் உரிமை குறித்து உறவினர் வழக்காட, சாவித்திரிபாய் தாமே கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னே நடந்தார். அதன்பின் கணவர் நிறுவிய சத்திய சோதக் சமாஜத்தை வழிநடத்தினார்.

1897-இல் பூனாவில் பிளேக் பரவியது. நகருக்கு வெளியே யஷ்வந்த் நடத்திய மருத்துவமனைக்கு அன்னையாரே நோயாளிகளைக் கொண்டு சேர்த்தார். முண்ட்வா ஊரின் மகர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த சிறுவனைத் தோளில் சுமந்து வந்தபோது நோய் அவரையும் பற்றியது. 10-3-1897 அன்று உயிர் நீத்தார்.

நம் கடமை

அன்னையார் வாழ்ந்த நாளிலேயே, 1894-இல், சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென இலவசப் பள்ளியை ஆல்காட் தொடங்கினார். அப்பணியில் அயோத்திதாசப் பண்டிதரும் ஈடுபட்டிருந்தார். ஆகவே இவ்வரலாறு மராட்டியருக்கு மட்டும் உரியதன்று.

வரலாறு முடிந்துவிட்டதா எனின், இல்லை. 2018-ஆம் ஆண்டில் நம் திருப்பூர் மாவட்டத்திலேயே, அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளியொன்றில், நம்மவர் சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று சிலர் எதிர்த்தனர். சாணம் வீசிய கை இன்று வேறு வடிவில் நீள்கிறது.

வெளியில் உள்ள தடை அது. நம் வீட்டுக்குள்ளும் தடைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் தவறிய பையன் மறுவாரமே பனியன் கம்பெனி வண்டியில் ஏறிவிடுகிறான். காதுகேளாத பெண்ணை, இவளுக்குப் படிப்பு எதற்கு என்று அடுக்களையில் இருத்துகிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கணிசமான குறைபாடுடைய பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. அச்சட்டத்தைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பார் யார்?

இளைஞர்களே! நம் தெருவில் பள்ளிக்கு வராத பிள்ளை எத்தனை என்று வீடு வீடாகச் சென்று எண்ணுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தடை எது என்று கேட்டு எழுதுங்கள். பொருளால் தீர்வதைச் சங்கம் தீர்க்கட்டும். சட்டத்தால் தீர்வதை அதிகாரிகளிடம் கொண்டு செல்வோம். மாலைப் பாடத்தால் தீர்வதற்கு நீங்களே ஆசிரியராகுங்கள். பதினேழு வயதில் அன்னையார் தொடங்கிய பணி அது. உங்களுள் பலர் அவ்வயதைக் கடந்தவர்கள்.