கூத்துக்கு அழைப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஆடுவோர் மட்டும் இருப்பின் நாடகம் நிகழாது, பார்ப்போரும் வேண்டும். அவர்களை ஒன்று கூட்டிய முறைகளும் நாடக வரலாற்றின் ஒரு கூறேயாகும்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே அமைந்த செங்கலடியும் அதன் அயலூரான வந்தாறுமூலையும் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வழங்கிவரும் நிலப்பரப்பைச் சார்ந்தவை. இங்கு கூத்துக்கெனத் தனி விளம்பரம் தேவைப்படவில்லை. ஆயத்தமே அழைப்பாயிற்று. ஊரார் முன்னிலையில் பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் 'சட்டம் கொடுத்தல்' முதற்படி. மாதக்கணக்கில் இரவுதோறும் ஒலித்த மத்தளம் அயலாரைப் பயிற்சிக் களத்துக்கு ஈர்த்தது. சதங்கை அணிவிழாவன்று ஆடுவோரின் உறவினர் திரண்டனர். அரங்கேற்ற நாளில் வட்டக்களரியைச் சூழ்ந்திருந்தோர் கூத்தின் வளர்ச்சியை முன்னரே கண்டவர்கள். அதன்பின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடியமை அவ்வுறவை மேலும் உறுதிப்படுத்தியது.

1960களில் இந்நிலை ஒரு திருப்பத்தைக் கண்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலியவற்றை நவீன மேடைக்குக் கொணர்ந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் பயிற்சி அம்முயற்சிக்குத் துணைநின்றது. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து சில மணி நேரத்துள் அடங்கியது. கற்றோரின் மதிப்பையும் பெற்றது. ஆயினும் மண்டபத்துக்கு வந்தோர் ஆயத்தத்தைக் கண்டவரல்லர். எனவே அழைப்பிதழும் சுவரொட்டியும் அறிவித்தலும் இன்றியமையாதனவாயின. கலையும் அழைப்பும் வெவ்வேறாகப் பிரிந்தமை இக்கட்டத்திலேயே எனலாம்.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் இரவுக் களரிகளைப் பெரிதும் முடக்கியது. போருக்குப் பின் அழைப்பு கைபேசியிலும் முகநூலிலும் பரவலாயிற்று. இவ்வூடகம் நாளையும் இடத்தையும் அறிவிக்கும் சுவரொட்டியாக மட்டும் பயன்படுமாயின் அதன் பயன் சிறிதே. சட்டம் கொடுத்தலையும் பயிற்சியையும் சதங்கை அணிதலையும் படிப்படியாகக் காட்டுமாயின், பழைய களரி செய்த பணியையே அதுவும் செய்யும். கடல்கடந்து வாழும் உறவினரும் அவ்வாயத்தத்திற் பங்குகொள்வர்.

எனினும் ஓர் எல்லை உண்டு. திரையில் விருப்பக் குறி இட்டோர் யாவரும் களரிக்கு வருவோரல்லர். 'என் மகன் ஆடுகிறான்' என்னும் உரிமையுணர்வே ஓரூரை விடியும்வரை விழித்திருக்கச் செய்தது. அவ்வுரிமையைப் பார்ப்போருக்கு மீட்டளிக்காத விளம்பரம் எத்துணை விரைவாகப் பரவினும், களரியைச் சூழ்ந்த இருக்கைகள் வெறுமையாகவே கிடக்கும்.