பல முனைகளில் ஒரு பேரரசு

முதல் உலகப் போரில் உதுமானியப் பேரரசு வீழ்ந்ததற்குப் படைபலக் குறைவே காரணம் எனப் பலரும் கூறுவர். வரலாற்றை உற்று நோக்கினால், போர்முனைகளின் பெருக்கமும் கூட்டணியின் நிலையும் அதற்குச் சமமான காரணங்கள் என்பதை நாம் அறியலாம்.

1914 ஆகஸ்ட் 2இல் ஜெர்மனியுடன் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்ட உதுமானியர், அக்டோபர் இறுதியில் போரில் இறங்கினர். காக்கேசியா, சூயஸ், இராக், கலிப்போலி என அடுத்தடுத்துப் பல முனைகள் திறந்தன. சரிகாமிஷ் பனிமலைகளில் ஒரு பெரும்படை அழிந்தது.

1915 அக்டோபரில் பல்கேரியா ஜெர்மனியுடன் சேர, செர்பியா வீழ்ந்தது. இஸ்தான்புல்லுக்கு இரயில் வழி திறந்து ஜெர்மன் ஆயுதங்கள் வந்தன. 1916 ஜனவரியில் நேச நாட்டுப் படைகள் கலிப்போலியை விட்டு முற்றிலும் வெளியேறின. ஏப்ரல் 29இல் கூத் நகரில் முற்றுகைக்குள்ளான பிரிட்டிஷ் இந்தியப் படை சரணடைந்தது.

ஆனால் அதே ஜூனில் மக்காவின் ஷரீஃப் ஹுசைன் பிரிட்டனுடன் கைகோத்துக் கிளர்ச்சி செய்ய, ஹிஜாஸும் போர்முனையாயிற்று. 1917 மார்ச்சில் பாக்தாதும் டிசம்பரில் பைத்துல் முகத்தஸும் கைவிட்டுப் போயின. 1918 செப்டம்பர் 15இல் உதுமானியப் படை தொலைவிலுள்ள பாகூவைக் கைப்பற்றியது; நான்கே நாட்களில் பாலஸ்தீன முனை உடையத் தொடங்கியது.

இறுதி அடி வேறிடத்தில் விழுந்தது. பல்கேரியர் காத்து நின்ற மாசிடோனிய முனை சிதைந்து, செப்டம்பர் 29இல் பல்கேரியா போர்நிறுத்தம் கோரிப் பெற்றது. ஜெர்மனியுடனான தரைவழித் தொடர்பு அறுந்தது. இஸ்தான்புல்லுக்கு மேற்கே காவல் இல்லாமற் போயிற்று. அக்டோபர் 30இல் முத்ரோஸில் உதுமானியரும் போர்நிறுத்தத்தில் ஒப்பமிட்டனர்.

நண்பன் திறந்த வழியால் வலிமை பெற்ற பேரரசு, அந்நண்பன் வீழ்ந்ததும் நிலைகுலைந்தது. தன் எல்லையை மட்டுமன்றித் தான் சார்ந்து நிற்பவரின் எல்லையையும் கணக்கிட வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் படிப்பினையாகும்.